ஆடாத மேசை

மேசை ஆடினால் நம் வீடுகளில் ஒரே வைத்தியம்தான். நாளிதழின் ஒரு தாளை எட்டாக மடித்து, எந்தக் கால் தரையைத் தொடவில்லையோ அதற்கடியில் செருகிவிடுவது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த ஞாயிறு இணைப்புகூட அடுத்த வாரம் எத்தனையோ வீடுகளில் அந்தப் பணியைச் செய்யலாம். எழுதியவளுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் காகிதம் எந்த ஆட்டத்தை நிறுத்தும், எதை நிறுத்தாது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மேசையின் ஆட்டம் இரண்டு வகை. தரை சமமாக இல்லாததாலோ, கால்கள் ஒரே நீளத்தில் இல்லாததாலோ ஒரு கால் அந்தரத்தில் நிற்பது முதல் வகை. காகிதம் இதற்குப் போதும். முக்காலிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எவ்வளவு மேடு பள்ளமான தரையிலும் மூன்று கால்கள் ஒன்றாகவே ஊன்றிவிடும். இரண்டாவது வகை வேறு. மேசையின் விளிம்பைப் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மேசை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தால், காலும் மேற்பலகையும் சேரும் மூலைகளில் பிடிப்பு இல்லை என்று பொருள். இதற்கு எத்தனை பக்கத்தை மடித்து வைத்தாலும் பயனில்லை.

எங்கள் வீட்டு மேசைக்கு இருந்தது இரண்டாவது நோய். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது வாங்கியது. மேலே கண்ணாடி, கீழே மெல்லிய இரும்புக் கால்கள். பார்க்க அழகாக இருக்கும். நானும் என் கணவரும் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளும் அதில்தான் சாப்பிட்டோம். ஆட்டம் பழகிப்போனதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. சென்ற ஆண்டு அப்பா எங்களோடு வந்து தங்கிய பிறகுதான் அந்த ஆட்டம் ஒரு பிரச்சினையானது.

அப்பா அதுவரை கிள்ளானில் அண்ணன் வீட்டில் இருந்தார். லேசான பக்கவாதம் வந்து, தப்பித்து, மருத்துவமனைக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று எங்களிடம் வந்தார். பேச்சில் குறையில்லை, நடையும் தேறிவிட்டது. வலது கையில்தான் பலம் குறைந்துவிட்டது. எதையாவது தூக்கினால் அந்தக் கை நடுங்கும். சாப்பிடும்போது முழங்கையை மேசையில் ஊன்றுவார். கையின் நடுக்கம் மேசைக்குப் போகும். மேசை அதைப் பெரிதாக்கித் திருப்பித் தரும். தண்ணீர்க் குவளை அலைபாயும், ரசம் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டும், கண்ணாடிமேல் கரண்டி கிணுகிணுக்கும். நால்வரும் அதைக் கேட்காததுபோல் இருப்போம். யாரும் கேட்கவில்லை என்று நடிப்பதுதான் அப்பாவுக்கு அதிகமாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போக ஆரம்பித்தார். “டிவி பாத்துக்கிட்டே சாப்பிடுறேம்மா” என்றார். அந்த அறையில் தொலைக்காட்சி இல்லை.

என் தொழில் வானொலி. காலை நிகழ்ச்சி என்பதால் நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு நிலையத்தில் இருப்பேன். ஒலிப்பதிவு அறையில் அறிவிப்பாளர் அமரும் மேசையைப் பற்றி வெளியில் யாரும் யோசிப்பதில்லை. அது கனமாக, அசையாமல் இருக்க வேண்டும். அதன்மேல் விரலால் தட்டினாலோ குவளையை வைத்தாலோ அந்த அதிர்வு மைக்கின் தண்டு வழியாக ஏறி நேயர்களின் காதுக்கே போய்விடும். அதனால்தான் மைக்கைச் சுற்றி அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். ஒரு நாள் செய்திக்கு வழிவிட்டு மைக்கை மூடிய அந்த ஐந்து நிமிடத்தில், அந்த மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்திப் பார்த்தேன். துளியும் அசையவில்லை. அப்பாவுக்குத் தேவை இப்படி ஒரு மேசைதான் என்று தோன்றியது.

கடைகளில் தேடினோம். நல்ல உறுதியானவை எங்கள் வீட்டு மின்தூக்கிக்குள் நுழையாத அளவில் இருந்தன. சிறியவை எல்லாம் கையை வைத்ததும் ஆடின. “நாமே செஞ்சிடலாமே” என்று அண்ணன்தான் சொன்னார். அவர் தச்சர் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் கிடங்கு வேலை. ஆனால் வீட்டில் டிரில், ரம்பம், நான்கு கிளாம்ப் எல்லாம் வைத்திருக்கிறார். கார் நிறுத்தும் இடம் அகலமானது. சத்தம் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தானும் வந்து ஒரு பக்கம் பிடிப்பார். அடுக்குமாடியில் அது நடக்காது.

மேசை ஆடாமலிருக்க என்ன வேண்டும் என்பதை முதலில் படித்தேன். விஷயம் எளிமையானது. நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்கினால், தள்ளியதும் அது சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாக்கினால் சாயாது. மேசையை முன்பக்கமிருந்து பார்த்தால், மேற்பலகை, இரண்டு கால்கள், தரை என்று அதுவும் ஒரு நாற்கோணம்தான். ஆகவே மேல் மூலைகளைத் திறக்கவும் மூடவும் விடாமல் பிடித்துவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மேற்பலகைக்குக் கீழே, கால்களை ஒன்றோடொன்று இணைத்துச் சுற்றி ஓடும் சட்டம். சட்டத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால், அதே தள்ளலுக்கு இணைப்பில் விழும் இழுவிசை பாதியாகிவிடும். எங்கள் கண்ணாடி மேசைக்குச் சட்டமே கிடையாது. அழகு கெட்டுவிடும் என்று விட்டிருப்பார்கள்.

ஆனால் சட்டத்தை இஷ்டத்துக்கு உயரமாக்கவும் முடியாது, தொடை இடிக்கும். மேசையின் உயரம் 75 செ.மீ., நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. என்பது பொதுவான அளவு. பலகை 2.5 செ.மீ., சட்டம் 9 செ.மீ. என்றால், இருக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே 18.5 செ.மீ. இடைவெளி கிடைக்கும். அது போதும். ஓர் ஆள் முழங்கை இடிக்காமல் சாப்பிட 60 செ.மீ. அகலம் வேண்டும். நால்வர் எதிரெதிரே அமர 120 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் என்று முடிவு செய்தோம்.

கால்களுக்கும் சட்டத்துக்கும் மெராந்தி. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த மரக்கடையிலும் கிடைக்கும். அறுக்கவும் துளையிடவும் எளிது. இழைத்த பிறகு 7 செ.மீ. கனம் நிற்கிற நான்கு கால்கள், ஒவ்வொன்றும் 72.5 செ.மீ. உயரம். சட்டத்துக்கு 96 செ.மீ. நீளத்தில் இரண்டு, 51 செ.மீ. நீளத்தில் இரண்டு. நேராக அறுப்பதுதான் புதியவர்களுக்குக் கடினம் என்பதால், கடையிலேயே இயந்திரத்தில் அளவுக்கு அறுத்துத் தரச் சொன்னோம். நீங்களும் அதையே செய்யுங்கள். மேசையின் உறுதியில் பாதி, முனைகள் சரியான செங்கோணத்தில் இருப்பதில்தான் இருக்கிறது.

மேற்பலகைக்கு வாங்கியது 25 மி.மீ. கனமுள்ள வெளிர்நிறப் பலகை. சிறு சிறு துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டி, முனைகளை இரு கை விரல்கள் கோத்ததுபோல் பல்லுக்குப் பல்லாகப் பொருத்தியிருந்தார்கள். அண்ணன் வீட்டு வாசலில் இறக்கி வைத்தோம். அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். குனிந்து, இடது கைக் கட்டைவிரலால் பலகையை நீள வாக்கில் ஒருமுறை தடவினார்.

“பால்மரம்” என்றார்.

“ஆமாப்பா. ரப்பர் பலகைன்னுதான் கடையில சொன்னாங்க.”

“இதை நாங்க அடுப்புல வச்சோம். இப்பக் காசு கொடுத்து வாங்கிட்டு வர்றீங்க” என்று சொல்லிச் சிரித்தார். எங்களிடம் வந்த பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் சொன்னது உண்மை. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த வழியில் வந்த நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கும் அங்கிருந்து பேராக்கின் கோலகங்சாருக்கும் வந்தன. அடுத்த நூறு ஆண்டுகள் இந்த நாட்டில் அந்த மரத்துக்கு மதிப்பு அதன் பாலில்தான் இருந்தது. 25, 30 ஆண்டுகள் பால் எடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி விறகாக்கினார்கள். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூடத்திலும், லயத்து அடுப்பிலும் எரித்தார்கள். பலகையாக அறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்த மரத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகம். வெட்டிப்போட்டால் சில நாட்களில் பூசணம் ஏறிக் கறுத்துவிடும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தினால் இரண்டும் வராது. கெப்போங்கில் உள்ள, ஃப்ரிம் என்று நாம் அழைக்கும் மலேசிய வன ஆய்வுக் கழகம் உள்ளிட்டோர் இந்த மரத்தை ஆராய்ந்து வழிகாட்டினார்கள். 1980களில் அது ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. இன்று ஜொகூரின் மூவார் வட்டாரத்திலிருந்து உலகெங்கும் போகும் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் நம்மவர்கள் பால் வெட்டிய அதே இன மரம்தான்.

அப்பாவும் பால் வெட்டியவர். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினான்கு வயதில் பெரட்டுக்கு நின்றார். தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை அதுதான் வேலை. பிறகு கிள்ளானில் லாரி ஓட்டினார். நானும் அண்ணனும் பார்த்து வளர்ந்தது லாரிக்கார அப்பாவைத்தான். தோட்டத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கேட்டால், “அதெல்லாம் கஷ்டகாலம், எதுக்கு?” என்பார். ஊடகவியல் படித்தபோது வாய்மொழி வரலாறு என்று ஒரு பாடம் உண்டு. அதற்காக அப்பாவின் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தேன். நாலு நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருவி எதுவும் இல்லை. கையில் மணல் தாள் இருந்தது. அப்பாவைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட், கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லியிருந்தார். அகலமான ஒரு மரக்கட்டையில் மணல் தாளைச் சுற்றி அப்பாவிடம் கொடுத்தோம். இடது கையால் கட்டையைப் பிடித்து, அதன்மேல் வலது கையை வைத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க ஆரம்பித்தார். எதிர்த்திசையில் தேய்த்தால் கீறல் விழும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டே பேசினார்.

“பால் பட்டையிலதான் இருக்கு, மரத்துல இல்ல. கத்தியை எடமிருந்து வலமா, சரிவா இறக்கணும். பட்டையை ஒரு மில்லி சீவணும், அவ்வளவுதான். அடியில ஒரு மில்லி பட்டை மிச்சம் இருக்கணும். அதையும் தாண்டி மரத்துல கத்தி பட்டுச்சுன்னா காயம். காயம் பட்ட எடத்துல முண்டும் முடிச்சுமா வளரும். அப்புறம் அந்தப் பக்கம் பட்டை சரியா வராது. தண்டல் வந்து விரலை விட்டுப் பாப்பாரு. காயம் இருந்தா சம்பளத்துல போயிரும்.”

“இருட்டுல எப்படிப்பா ஒரு மில்லி தெரியும்?”

“நெத்தியில விளக்கு இருக்கும். ஆனா கண்ணால பாக்குறது இல்லம்மா. கையிலதான் தெரியும்.”

சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். அண்ணன் எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டார். எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. தட்டில் சோறு சிந்துவது மட்டும் அவருக்கு அவமானமாக இருக்கவில்லை. ஒரு மில்லிமீட்டரை இருட்டில் அறிந்த கை அது.

பிறகு பலகையைக் காட்டிச் சொன்னார்: “இதுல முண்டே இல்ல பாரு. நல்லா வெட்டத் தெரிஞ்சவங்க வெட்டுன மரம்.”

பலகை ஆலைகளில் முண்டும் முடிச்சும் உள்ள துண்டுகளை வெட்டி ஒதுக்கிவிட்டுத்தான் ஒட்டுவார்கள் என்று நான் படித்திருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

செய்ய நினைக்கும் வாசகர்களுக்காக மீதி வேலையைச் சொல்கிறேன். எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரண்டு கால்களையும் அவற்றுக்கிடையே ஒரு குட்டைச் சட்டத்தையும் மரக் குச்சியாணி, மரப்பசை கொண்டு சேர்த்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தோம். இப்படி இரண்டு பக்கங்கள். நீளச் சட்டங்களைக் கிள்ளானில் பொருத்தவில்லை. மின்தூக்கியில் ஏற்ற வேண்டுமே. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் வைத்து, ஒவ்வொரு மூலையிலும் சட்டங்களுக்குக் குறுக்கே 45 பாகையில் ஒரு மரக்கட்டையைத் திருகி, அதன் நடுவே போல்ட் விட்டுக் காலோடு இறுக்கினோம். அந்தக் கட்டைதான் நான் முதலில் சொன்ன முக்கோணம். பின்னாளில் தளர்ந்தால் போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். வீடு மாறினால் கழற்றியும் எடுத்துப் போகலாம்.

முழுவதும் இறுக்குவதற்கு முன் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் செங்கோணம் சரி. வெளியளவு 110க்கு 65 என்றால் அது 127.8 செ.மீ. வர வேண்டும். திருகாணி போகும் இடத்தில் முதலில் டிரில்லால் சிறு துளை போடுங்கள், 4 மி.மீ. திருகாணிக்கு 3 மி.மீ. துளை. இல்லாவிட்டால் சட்டத்தின் முனை பிளந்துவிடும்.

மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அதில் இருந்துவிட்டு, குளிர்சாதனம் ஓடும் அறைக்குள் வந்தால் மரம் அகலவாக்கில் சுருங்கும். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் விரியும். 75 செ.மீ. அகலத்தில் அது சில மில்லிமீட்டர் இருக்கலாம். நீளவாக்கில் அநேகமாக மாறாது. அதனால் எல் வடிவத் தகடுகளில், நீள்துளை உள்ளவற்றை வாங்கி, பலகை அகலவாக்கில் நகர இடம்விட்டுத் திருக வேண்டும். மரத்தைக் கட்டிப்போட்டால் அது வெடித்துத்தான் தன் வழியைக் காட்டும்.

மணல் தாள் 80, 120, 180, 240 என்று சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு. விளிம்புகளை நன்றாக உருட்டிவிடுங்கள். முழங்கை ஊன்றுகிற இடம் அது. தண்ணீரில் கரையும் வகை வார்னிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் மெல்லத் தேய்த்துவிட்டு அடுத்தது. அடிப்பக்கத்தையும் பூச வேண்டும். ரப்பர் பலகை வீட்டுக்குள் நெடுநாள் இருக்கும். மழையிலும் வெயிலிலும் போட்டால் கெட்டுவிடும். செலவு, பழைய கண்ணாடி மேசைக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்குப் போடவில்லை.

மேற்பலகை மட்டும் 14 கிலோ அளவுக்கு வரும். நானும் என் கணவரும் அதைக் கிடைவாக்கில் மின்தூக்கிக்குள் நுழைத்தோம். மாலை ஐந்து மணிக்கு மேசை நின்றது. விளிம்பைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். மேசை சாயவில்லை, தரையோடு சேர்ந்து மொத்தமாக ஓர் அங்குலம் நகர்ந்தது. மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். யாரும் திட்டவில்லை.

அன்று இரவு சோறு, பருப்பு, வெண்டைக்காய்ப் பிரட்டல், மீன் சம்பல். அப்பாவை அழைக்கவில்லை. நான்கு தட்டு மட்டும் வைத்தோம். அவராக வந்து உட்கார்ந்தார். சாப்பிடும் முன், வலது உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்து அழுத்தினார். கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த குவளைத் தண்ணீர் அப்படியே நின்றது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முழங்கையை ஊன்றிச் சாப்பிட ஆரம்பித்தார். சோறு சிந்தத்தான் செய்தது. ஒரு மேசையால் பக்கவாதம் குணமாகிவிடாது. ஆனால் கிணுகிணுப்பு இல்லை. சிந்தியதைத் துணியால் அவரே துடைத்தார். “வார்னிஷ் நல்லா இருக்கு. ஒட்ட மாட்டேங்குது” என்றார்.

இப்போதும் சில நாட்கள் தட்டோடு அறைக்குப் போகிறார். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. பெரும்பாலான நாட்களில் மேசைக்கு வருகிறார். மகள் மாலையில் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அப்பா எதிரே உட்கார்ந்து அவளுடைய தமிழ்ப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்று அவளுக்குத் தெரியாத சொற்களை இடையிடையே சொல்லிக் கொடுக்கிறார். அவள் அவற்றைப் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். அழுத்தி எழுதுவாள், பலகையில் அங்கங்கே எழுத்தின் தடம் விழுந்திருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.

போன வாரம் மீந்துபோன மெராந்திக் கட்டைகளை அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தடவி, மூன்றை மட்டும் தனியாக வைத்திருக்கிறார். பேத்திக்கு ஒரு முக்காலியாம். மணல் தாள் 120ஆம் நம்பர் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கிவா என்று இன்று காலை, நான் நிகழ்ச்சியில் இருக்கும்போது, குரல் பதிவு அனுப்பியிருந்தார். நாலு நிமிடத்தில் எழுந்து போனவர் அனுப்பிய அந்தப் பதிவு ஆறு நிமிடம் ஓடுகிறது. எந்தக் கடையில் வாங்க வேண்டும், எப்படித் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.